பாம்பன் பக்கம்: தண்ணீருக்குக் கீழே ஒரு சனிக்கிழமை

வெள்ளி இரவு, மதுரை

"வாடை அடங்கிருச்சு, சோழகம் இன்னும் கிளம்பலை. வர்றதா இருந்தா இந்த வாரமே வந்துரு." மண்டபத்துக்காரரான அலுவலக நண்பர் போனில் இப்படிச் சொன்ன பிறகுதான் பயணம் முடிவானது.

ராமநாதபுரம் கடற்கரைக்குச் சும்மா போகிறவர்கள் காலண்டரில் லீவைப் பார்த்துத் தேதி குறிக்கலாம். கடலுக்குள் தலையை விட்டுப் பார்க்கப் போகிறவர்கள் காற்றைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும்போது வடக்குக் கடல் கலங்கிக் கிடக்கும், தெற்குக் கடல் அமைதியாக இருக்கும். கோடையில் சோழகம் என்கிற தென்காற்று எழுந்துவிட்டால் அப்படியே தலைகீழ். நடுவில் பங்குனியை ஒட்டிச் சில வாரங்கள் காற்று ஓய்ந்து, மணல் அடியில் படிந்து, தண்ணீர் தெளியும். அந்த வாரங்களைப் பிடிக்கத்தான் இந்த அவசரம்.

நான், அம்மா, தங்கை, மாப்பிள்ளை. தங்கை விலங்கியல் படித்தவள். படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விட்ட கோபம் அவளுக்கு இன்னும் உண்டு. மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. தெப்பக்குளத்தில் தண்ணீர் நிரம்பினாலே இரண்டு படி தள்ளி நிற்கிற ஆள். அம்மா வருவது ராமநாதசுவாமிக்காக மட்டும். ஞாயிறு காலை கோயில், அதில் மாற்றமே கிடையாது என்று வாக்கு வாங்கிவிட்டார்.

சனி

நாலு மணிக்கு வண்டியை எடுத்தோம். சிலைமான், திருப்புவனம், மானாமதுரை எல்லாம் இருட்டில் போயின. பரமக்குடியில் டீ. சத்திரக்குடி நெருங்கும்போது கிழக்கு வெளுத்தது. ரோட்டோரக் களங்களில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய், உருண்டையாக, குட்டையாக. ஜன்னலை இறக்கினால் தும்மல் வருகிறது.

இந்தச் சாலையில் வரும்போதெல்லாம் வைகை கூடவே வருகிறது என்ற நினைப்பு எனக்கு இருக்கும். நம் ஊர் ஆறு நேராகக் கடலுக்குப் போவதில்லை. பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் கதை முடிந்துவிடும். வெள்ளம் பெருகினால்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊர்ப்பக்கம் பாக் விரிகுடாவில் போய் விழும். பக்கத்தில்தான் அழகன்குளம், ரோமானியரோடு வாணிபம் நடந்த பழைய துறைமுகம். அகழாய்வில் ரோமக் காசுகளும் மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்த இடம். மதுரைக்குக் கடல் இல்லை என்று யார் சொன்னது, கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

உச்சிப்புளி தாண்டி இடப்பக்கம் பிரிந்தால் பிரப்பன்வலசை. தென்னைகளுக்கு நடுவே ஒடுங்கிய ரோடு, கடைசியில் மணல், அதற்கப்பால் அலையே இல்லாத கடல். பாக் விரிகுடாவை இந்தப் பக்கத்தில் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். எட்டிப் பார்த்த மாப்பிள்ளை, "மச்சான், இது நம்ம வண்டியூர்க் கண்மாய் மாதிரில்ல இருக்கு" என்று கொஞ்சம் தைரியமானார்.

எங்களுக்கு வழிகாட்ட வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாட்டுப்படகுக் குடும்பம். "இன்னைக்கு விசைப்படகு நாள்ணே, எங்களுக்கு வலை கிடையாது. அதான் உங்களோட வர்றேன்" என்றான். வாரத்தில் விசைப்படகுகளுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நாலு நாள் என்பது இந்தக் கடலில் பழைய ஏற்பாடு.

முதல் பாடம் இடுப்பளவுத் தண்ணீரில். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய். கண்ணாடியின் உட்புறம் எச்சில் துப்பித் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒருமுறை அலசி மாட்ட வேண்டும். இல்லையென்றால் மூச்சுக்காற்றில் புகை படர்ந்து ஒன்றும் தெரியாது. மீசைக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: மீசை வழியாகத் தண்ணீர் கசியும். மாப்பிள்ளையின் மீசை மதுரை வீரன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ரகம். தம்பி அதைப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவில் இருந்து வாசலினை எடுத்து நீட்டினான்.

வாயால் மூச்சு விடுவதுதான் கஷ்டம். பிறந்ததிலிருந்து மூக்கால் விட்டுப் பழகிய உடம்பு, முகம் தண்ணீரில் பட்டதும் தானாக மூச்சை அடக்குகிறது. தம்பி ஒரு வழி சொன்னான். "உள்ள இழுக்குறதை மறந்துருங்கண்ணே. வெளிய விடுறதை மட்டும் நிதானமா விடுங்க, உள்ள அதுவா வரும்." யோகா வகுப்பில் காசு கொடுத்தும் எனக்குப் புரியாதது அங்கே புரிந்தது. குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் 'ஃபூ' என்று ஒரே ஊதாக ஊத வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. உப்புத் தண்ணீரும் ஜாக்கெட்டும் சேர்ந்து தூக்குவதால், நீச்சல் தெரியாதவர் மூழ்க நினைத்தாலும் முடியாது. மாப்பிள்ளை அதை மெய்யாகவே சோதித்துப் பார்த்தார்.

அப்புறம் ஃபைபர் படகில் ஏறிப் பாருக்குப் போனோம். பவளப்பாறையைக் கடற்காரர்கள் பார் என்றுதான் சொல்கிறார்கள். பாக் விரிகுடாவில் அது கரைக்குக் கொஞ்ச தூரத்தில், கரையோடு சேர்ந்தாற்போல நீண்டு, பாம்பன் வரை விட்டு விட்டுப் போகிறது. பல இடங்களில் ஆள் உயரத் தண்ணீர்கூட இல்லை.

முகத்தைக் கவிழ்த்தேன்.

மேலே பார்க்கிற கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மேலே வெறும் பச்சை. கீழே என் இடுப்பளவுக்கு உருண்டையான பழுப்புப் பவளங்கள், இடையில் கிளைவிட்ட மான்கொம்புப் பவளம், இடுக்கெல்லாம் மீன். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட வண்ணாத்தி மீன்கள் ஜோடி ஜோடியாகத் திரிகின்றன. கோடு போட்ட சின்ன மீன் ஒன்று தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் என் கண்ணாடியை வந்து முட்டுகிறது. கூட்டமாக ஓரா மீன்கள் பாசியை மேய்ந்துகொண்டே போகின்றன. ஓராக் குழம்பு நான் விரும்பிச் சாப்பிடுவது என்பதால் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

என்னை அசர வைத்தது சத்தம். தண்ணீருக்குள் நிசப்தம் என்று நினைத்திருந்தேன். இல்லை, எங்கே பார்த்தாலும் பொரிகிற சத்தம். நடுவே கற்கண்டைக் கடைவாயில் வைத்துக் கடிக்கிற மாதிரி 'கடக், கடக்'. தேடிப் பார்த்தால் நீலமும் பச்சையும் கலந்த கிளிமீன் ஒன்று அலகால் பாறையைச் சுரண்டித் தின்கிறது. பாசிக்காகக் கல்லோடு சேர்த்துக் கடித்து, அரைத்து, மீதியை மணலாகப் பின்பக்கம் விட்டுவிடும். நாம் காலை நீட்டி உட்காருகிற வெள்ளை மணலில் கிளிமீனின் பங்கும் உண்டு என்று தங்கை படகில் சொன்னபோது, அம்மா சேலையில் ஒட்டியிருந்த மணலை ஒருமாதிரி தட்டிவிட்டுக்கொண்டார்.

உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். இடுப்பளவு இருந்தால் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதன்மேல் ஒருவர் கால் வைத்து நின்று செல்ஃபி எடுக்க அரை நிமிடம் போதும். எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் அதைத்தான் செய்தார். தம்பி அவரை அதட்டிய அதட்டலில் நாங்களும் சேர்ந்து காலை மடக்கிக்கொண்டோம்.

எல்லாம் வண்ணமயம் என்று எழுதினால் பொய். பாதிக்கு மேல் செத்த பார். சாம்பல் நிறத்தில், பாசி மூடி, மேலே நைலான் வலைத் துண்டு சிக்கியபடி. 2016-இல் கடல் சூடேறியபோது இங்கே நிறையப் பவளம் வெளுத்துப்போனது. "வெள்ளை வெளேர்னு நின்னுச்சுண்ணே, பாக்குறவங்க அழகா இருக்குன்னு போட்டோ எடுத்தாங்க. எங்க அய்யாதான் சொன்னாரு, அது சாகப்போகுதுன்னு." பவளம் என்பது சின்னஞ்சிறு உயிரிகளின் கூட்டம். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் கொடுக்கிறது, சோறும் போடுகிறது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் அந்தப் பாசி வெளியேறிவிடும். சீக்கிரம் குளிர்ந்தால் திரும்பி வரும், இல்லையென்றால் பட்டினிதான். 1998, 2010, 2016 என்று இந்தக் கடல் திரும்பத் திரும்ப அந்தப் பட்டினியைப் பார்த்திருக்கிறது. சாம்பல் பாறைகளுக்கு நடுவில் விரல் நீளத்துக்குப் புதுக் கிளைகள் துளிர்த்திருந்ததையும் தம்பி காட்டினான். அவன் இடுப்பில் ஒரு சின்னக் கத்தி. வலைத்துண்டைப் பார்த்தால் அறுத்துப் படகில் போட்டுக்கொண்டே வந்தான்.

திரும்பும் வழியில் கடல்புல் மேடு. "இதெல்லாம் தாழைண்ணே. ஆவுளியா மேயுற இடம்" என்றான். கடல்பசுவைத்தான் சொல்கிறான். பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி, 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல். நாங்கள் பார்க்கவில்லை, பார்ப்போம் என்று அவன் ஆசை காட்டவும் இல்லை. அந்த நேர்மை பிடித்திருந்தது. மாப்பிள்ளை ஒரு திருக்கையைப் பார்த்தார். கல்யாணப் பந்தி இலை அளவு இருந்தது என்று கையை விரித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்று தங்கை சொல்லியும் அவர் கையைக் குறுக்கவில்லை.

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுத ஒன்றும் புதிதாக இல்லை. ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற கூட்டம் வழக்கம்போல. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் நிற்கிறது. 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடும். நாங்கள் போனபோது ஏறவில்லை.

தீவுக்குள் இறங்கியதும் வலப்பக்கம் திரும்பிக் குந்துகால் போனோம். 1897 ஜனவரியில் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் வந்திறங்கிய இடம் என்று அங்கே நினைவிடம் இருக்கிறது. எதிரே கைக்கெட்டும் தூரத்தில் குருசடைத் தீவு. தங்கை அதைப் பார்த்ததும் "பலனோகுளோசஸ்!" என்று கத்தினாள், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதுகெலும்பு இல்லாத விலங்குகளுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவில் உறவு சொல்கிற ஒரு மணற்புழு அது. விலங்கியல் பாடப்புத்தகத்தில் குருசடை என்ற பெயரைப் படிக்காமல் இங்கே யாரும் பட்டம் வாங்கியிருக்க முடியாது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்தபடி இறங்க முடியாது, வனத்துறைப் படகில்தான் போக வேண்டும். தென்பக்கம் காற்று லேசாகக் கூடியிருந்ததால் இன்றைக்குப் படகு இல்லை என்றார்கள். தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது.

ஆனால் அங்கே நின்றதால்தான் சின்னப்பாலத்துப் பெண்களைப் பார்க்க முடிந்தது. கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, பாதத்தில் கட்டிய தகடு. குழாய் கிடையாது, ஜாக்கெட் கிடையாது. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிடுங்கி இடுப்புப் பையில் சேர்க்கிறார்கள். காலையில் நான் வாடகைக்கு எடுத்த சாமான்களை நினைத்துக்கொண்டேன்.

அம்மா போய்ப் பேச்சுக் கொடுத்தார். அம்மா வயதே இருக்கும் ஒருவர், "ஏழெட்டு வயசுல இருந்து முங்குறேன் தாயி" என்றார். தீவுகள் பூங்காவான பிறகு வனத்துறையோடு அவர்களுக்கு ஓயாத இழுபறி. எந்த நாளில் எடுக்கலாம், எப்போது கடலுக்கு ஓய்வு விட வேண்டும் என்று பெண்களே கூடிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதற்காகத்தான் 2015-இல் இந்த ஊர் லட்சுமிக்கு சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது. வடகரையில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிற 'பெப்சி பாசி'யைப் பற்றிக் கேட்டேன். பெயர் அந்தக் கம்பெனி முதலில் அதை வளர்க்க வைத்ததால் வந்தது. பூர்விகம் பிலிப்பைன்ஸ் பக்கம். "அது காசு குடுக்குது, ஆனா பார் மேல ஏறுனா மூடிருது" என்றார். குருசடைப் பக்கம் அந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்ததை விஞ்ஞானிகளும் பதிவு செய்திருக்கிறார்கள். விஞ்ஞானி எழுதியதையும் இந்த அம்மா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வரி வித்தியாசம் இல்லை.

மத்தியானம் மீன் சாப்பாடு. விளமீன் குழம்பு, கணவாய் வறுவல். அம்மா மட்டும், நாளைக்குக் கோயில் என்று தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் தனுஷ்கோடி. ரோட்டின் இடப்பக்கம் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள். வலப்பக்கம் ஆமை முட்டைகளுக்கு வனத்துறை போட்டிருக்கும் வேலி. பங்குனி ஆமைகள் இரவில் வந்து இட்டுப்போன முட்டைகளை எடுத்துப் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். அரிச்சல்முனையில் காலை நனைப்பதோடு சரி. இரண்டு கடலும் மோதுகிற இடத்தில் நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது, குளிப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது.

நான் நின்றது இடிந்த தேவாலயத்தின் முன்னால். 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பலமுறை பார்த்த சுவர்தான் அது. இன்றைக்குத்தான் கல்லை உற்றுப் பார்த்தேன். பூப்பூவாகக் குழிகள், வரிவரியாகக் கோடுகள். முழுக்கப் பவளக்கல். காலையில் தண்ணீருக்குள் உயிரோடு பார்த்த அதே உருண்டைகளை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க வீடும் இதில்தான், சுண்ணாம்புக் காளவாசலுக்கும் இதுதான். பவளத்தை வெட்ட வெட்ட அலையைத் தடுக்க ஆளில்லாமல் போய், மன்னார் வளைகுடாவில் விளங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 2001 முதல் பவளத்துக்குப் புலிக்குக் கொடுக்கிற அதே சட்டப் பாதுகாப்பு. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைப் பைக்குள் போட்டாலும் வழக்குதான். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மணலில் போட்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் போலீஸார் எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள்.

ஞாயிறு காலை, ராமேஸ்வரம்

வாக்குக் கொடுத்தபடி கோயில். ஐந்து மணிக்கே அக்னி தீர்த்தம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், வருடத்துக்கு இத்தனை பேர் வந்து, அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு முங்கி எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு போகிற வேறு ஊர் இருக்குமா தெரியவில்லை. நாங்களும் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தோம்.

நன்றாக விடிந்த பிறகு அம்மா என்னிடம் கையை நீட்டினார். "அந்தக் கண்ணாடியைக் குடு." மண்டபத்து நண்பர் இரவல் கொடுத்தது பையில் இருந்தது. எச்சில் துப்பித் தேய்க்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை, தீர்த்தமாம். வெறுமனே அலசி மாட்டிக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்தபடி கழுத்தளவுக்குப் போய் முகத்தைக் கவிழ்த்தார். ஒரு முறை, இரண்டு முறை. பக்கத்தில் தர்ப்பணம் முடித்து வந்த குடும்பம் ஒன்று முங்குவதை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்தது.

எழுந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"மீன் இருக்காம்மா?"

"மீனா? பூராம் வேட்டியும் சேலையுமால்ல கெடக்கு. தோஷம் போகுதுன்னு அவுத்து விட்டுட்டுப் போயிருக்காய்ங்க. ஒரு ஜாக்கெட்ல விலைச்சீட்டுக்கூடப் பிரிக்கலை."

பக்கத்துக் குடும்பத்துப் பெரியவர் தோளில் கிடந்த பழைய வேட்டியைத் தண்ணீருக்குள் நழுவவிடப் போனவர், அம்மாவைப் பார்த்துவிட்டு அதைப் பிழிந்து தோளிலேயே போட்டுக்கொண்டார். அம்மா அவரை ஒன்றும் சொல்லவில்லை. "நட, நட, தீர்த்தத்துக்குக் கூட்டம் ஏறிரும்" என்று எங்களைத்தான் விரட்டினார்.